ஆட்டோஜைரோ, ரேடார், அப்புறம் எங்க நைனாவோட கேஜ் ரூம்

 ரெண்டு மாசமா ஆபீஸ்ல புடுங்குற ஆணி ஜாஸ்தி. அதனால கடைப்பக்கமே வர முடியல. வந்ததுதான் வந்தான், உருப்படியா ஏதாவது எழுதுவான்னு எதிர்பார்த்தவங்களுக்கு ஒரு மன்னிப்பு. இன்னைக்கு மேட்டர் ரெண்டாம் உலகப் போர்ல ரேடாரைச் சரிபார்க்கப் பறந்த, பாதி விமானம் பாதி காத்தாடி மாதிரி ஒரு வஸ்து. "இதுக்கும் காத்திவாக்கத்துக்கும் என்னடா சம்பந்தம்"னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. சம்பந்தம் இருக்கு. கடைசியில ஒரு சண்டையும் இருக்கு.

முதல்ல அந்த வஸ்து. ஆட்டோஜைரோன்னு பேரு. படத்துல பார்த்தா ஹெலிகாப்டர் மாதிரியே இருக்கும். ஆனா ஹெலிகாப்டர்ல தலைக்கு மேல சுத்துற இறக்கையை இஞ்சின் சுத்தும். இதுல பறக்கும்போது இஞ்சின் அதைத் தொடாது. இஞ்சின் சுத்துறது மூக்குல இருக்கிற சாதாரண விசிறியை மட்டும்தான். அது வண்டியை முன்னால இழுக்கும், எதிர்காத்து மேல இருக்கிற இறக்கைக்குள்ள புகுந்து அதைத் தானா சுத்த வைக்கும். சின்ன வயசுல எண்ணூர் கடற்கரையில பனை ஓலைக் காத்தாடியைக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடியிருக்கீங்களா? ஓடுற வரைக்கும் சுத்தும். அதே தத்துவம்தான். அந்தக் காத்தாடி ஆளையே தூக்கிட்டுப் போனா அது ஆட்டோஜைரோ.

கண்டுபிடிச்சவர் ஹுவான் டி லா சியர்வா, ஸ்பெயின் நாட்டு இஞ்சினியர். 1919ல அவர் வடிவமைச்ச மூணு இஞ்சின் விமானம் ஒண்ணு வேகம் குறைஞ்சு, தூக்கு விசை போய், விழுந்து நொறுங்கிடுச்சு. வேகம் குறைஞ்சாலும் விழாத ஒரு விமானம் வேணும்னு மனுஷன் அன்னைக்குப் பிடிச்ச பிடிவாதம், 1923 ஜனவரியில பறந்து காட்டினார். இஞ்சின் நின்னா கூட மெதுவா இறங்கலாம். அப்படிப்பட்டவர் 1936 டிசம்பர் 9ஆம் தேதி லண்டன் கிராய்டன்ல பனிமூட்டத்துல கிளம்பின ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் விழுந்து செத்துப்போனார். பயணியா உக்காந்திருந்தார். விதின்னு சொல்றதா வேற என்னன்னு சொல்றதா தெரியல.

இப்ப ரேடார். பிரிட்டன் போருக்கு முன்னால தன் கிழக்குக் கடற்கரை முழுக்க வரிசையா ரேடார் நிலையங்கள் கட்டி வெச்சிருந்தது. செயின் ஹோம்னு பேரு. நாம இன்னைக்குப் பாக்குற மாதிரி சுத்துற தட்டெல்லாம் கிடையாது. 110 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கோபுரங்கள், பக்கத்துல 73 மீட்டர் உயரத்துக்கு மரக் கோபுரங்கள். இரும்புக் கோபுரம் கடல் பக்கமா ரேடியோ அலையை வெள்ளம் மாதிரி அடிக்கும். மரக் கோபுரம் எதிரொலியை வாங்கும். எதிரொலி எந்தத் திசையில இருந்து வருதுன்னு உள்ள உக்காந்திருக்கிற பொண்ணு ஒரு குமிழைத் திருகித் திருகிக் கண்டுபிடிக்கணும். திரையில அந்தக் கோடு எப்ப மறையுதோ அதை வெச்சுத் திசை. உயரம் இன்னொரு கணக்கு.

இங்கதான் சிக்கல். ஒரு நிலையத்துக்கு முன்னால மேடு இருக்கும், இன்னொண்ணு பக்கத்துல இரும்புக் கட்டடம் இருக்கும். அலை கொஞ்சம் வளையும். அதனால ஒவ்வொரு நிலையமும் தனக்குன்னு ஒரு பொய்யைச் சொல்லும். வடகிழக்குன்னு காட்டும், ஆனா விமானம் இன்னும் கொஞ்சம் கிழக்கால இருக்கும். எந்தத் திசையில எவ்வளவு பொய்யின்னு தெரிஞ்சா கழிச்சிக்கலாம். தெரியலைன்னா?

தெரியலைன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு கதை. போர் அறிவிச்ச மூணாம் நாள், 1939 செப்டம்பர் 6. எதிரி வர்றான்னு தகவல், பிரிட்டிஷ் விமானங்கள் மேல ஏறுது. ஏறினதுங்களையே ரேடார் எதிரின்னு காட்ட, அதைத் தேடி இன்னும் கொஞ்சம் ஏறுது. கடைசியில ஸ்பிட்ஃபயர்கள் தங்களோட சொந்த ஹரிகேன்கள் ரெண்டைச் சுட்டு வீழ்த்திடுச்சு. மாண்டேகு ஹல்டன்-ஹாரப்ங்கற இளம் பைலட் செத்தார். அந்தப் போர்ல செத்த முதல் பிரிட்டிஷ் ஃபைட்டர் பைலட் அவர்தான். அன்னைக்கு வானத்துல எதிரி விமானம் ஒண்ணுகூட இல்ல. பின்னால, அதாவது நிலப்பக்கம், இருந்த விமானங்களை முன்னால கடல்ல இருக்கிறதா ரேடார் காட்டினதுதான் குழப்பத்துக்குக் காரணம்னு சொல்றாங்க.

கருவி ஓடிக்கிட்டுதான் இருந்தது. எண் காட்டிக்கிட்டுதான் இருந்தது. எண் தப்பு. அவ்வளவுதான்.

சரி, பொய்யை அளக்குறது எப்படி? ஒரு விமானத்தை, வரைபடத்துல நல்லாத் தெரிஞ்ச ஒரு இடத்துக்கு மேல, தெரிஞ்ச உயரத்துல நிறுத்தணும். ரேடார் என்ன சொல்லுதுன்னு குறிச்சிக்கணும். உண்மைக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம்தான் திருத்தம். அடுத்த இடம். அடுத்த திசை. அடுத்த உயரம். இப்படி ஒரு முழு அட்டவணை. சாதாரண விமானத்துல இது கஷ்டம். அந்தப் பொண்ணு குமிழைத் திருகி முடிக்கறதுக்குள்ள அது பல மைல் தாண்டிப் போயிருக்கும். ஆட்டோஜைரோ மட்டும்தான் ஒரு சர்ச் கோபுரத்துக்கு மேலயோ ரோடு பிரியற இடத்துக்கு மேலயோ சின்னூண்டு வட்டமா, மெதுவா சுத்திக்கிட்டே கிடக்கும். ரேடாருக்கு அது நின்ன இடத்துல நிக்கிற மாதிரிதான் தெரியும்.

இந்த வேலையை ஆரம்பிச்சு நடத்தினவர் ரெஜினால்ட் ப்ரீ. போருக்கு முன்னால சியர்வா கம்பெனியோட பைலட். 1940ல டக்ஸ்ஃபோர்டுல சின்னக் குழுவா ஆரம்பிச்சது, பின்னால 1448 ஃபிளைட் ஆச்சு. 1943 ஜூன் 15ஆம் தேதி அதுக்கு 529 ஸ்குவாட்ரன்னு பேர் மாத்தினாங்க. தலைவர் ஆலன் மார்ஷ். வண்டி சியர்வா சி.30ஏ, விமானப்படை வெச்ச பேரு ரோட்டா. 140 குதிரைத்திறன் இஞ்சின். திறந்த காக்பிட், ரெண்டு பேர், ஆயுதம் ஒண்ணும் கிடையாது. விமானப்படைகிட்ட இருந்ததே போருக்கு முன்னால வாங்கின கொஞ்சம்தான். பத்தாம தனியார்கிட்ட இருந்த ஜைரோக்களையும் வாங்கிப் போட்டாங்க.

அந்த வண்டியில பறக்குறது சுலபம்னு நினைச்சிடாதீங்க. மரமும் துணியும் போர்த்திய இறக்கைங்க. தரையில நிக்கும்போது இறக்கை சுத்திக்கிட்டிருக்கும், ஓரமா ஒரு காத்து அடிச்சா வண்டியே சாஞ்சுடும். இறக்கை தரையில மோதும், வண்டி தன்னையே அடிச்சு நொறுக்கிக்கும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் இப்படிக் கவிழ்றது சகஜம். அதைவிடப் பயங்கரம் ஒண்ணு உண்டு. வேகமா தலைகுப்புற இறக்கினா இறக்கையே முறுக்கிக்கும். முறுக்கினா மூக்கு இன்னும் கீழ போகும். குச்சியை எவ்வளவு இழுத்தாலும் மேல வராது. போருக்கு முன்னாலயே இப்படிச் சில உயிர் போயி, இறக்கையோட முறுக்கு பத்தி 1936ல ஆராய்ச்சி அறிக்கையே போட்டாங்க. அந்த இறக்கையோடதான் போர் முழுக்கப் பறந்தாங்க. எதிரி எந்த நேரமும் வரக்கூடிய கடற்கரை ஓரமா, துப்பாக்கி இல்லாம, ஒரு சர்ச் கோபுரத்தைச் சுத்திச் சுத்தி. இப்படி ஒம்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த ஜைரோக்காரங்க கொண்டு வந்த திருத்தங்களை நிலையத்துல ஒரு கணக்குப் பெட்டிக்குள்ள போட்டு வெச்சாங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருக்கிற ரிலேக்களையும் சுவிட்சுகளையும் வெச்சுக் கட்டினது. சூதாட்ட மெஷின் பேர்ல அதுக்கு ஃப்ரூட் மெஷின்னு செல்லப்பேரு. அந்தப் பொண்ணு பட்டனை அமுக்கினா பொய்யைக் கழிச்சு வரைபட இடத்தைக் குடுத்துடும். நம்ம பாஷையில சொன்னா லுக்அப் டேபிள். அதோட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் யாரோ ஒருத்தன் குளிர்ல நடுங்கிக்கிட்டே சுத்தின ஒரு வட்டம் இருக்கு.

1945 அக்டோபர் 20ஆம் தேதி ஸ்குவாட்ரனைக் கலைச்சிட்டாங்க. ரேடாரை உருவாக்கின வாட்சன்-வாட்டுக்கு 1942லயே சர் பட்டம். ஸ்பிட்ஃபயர் பைலட்டுங்களுக்குப் படம், புத்தகம், சிலை. ஆலன் மார்ஷ் 1950ல ஏர் ஹார்ஸ்ங்கற ராட்சச ஹெலிகாப்டரைச் சோதனை பண்ணும்போது விழுந்து செத்தார். சில ரோட்டா மிச்சம் இருக்கு, ஒண்ணு லண்டன் சயின்ஸ் மியூசியத்துல, ஒண்ணு டக்ஸ்ஃபோர்டுல. அவ்வளவுதான்.

நம்ம பக்கம் கதைக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்குது. முந்தின நாளே பர்ச்சால்ங்கற கனடா பைலட் கேட்டலினா விமானத்துல பறந்து கப்பல் படையைப் பார்த்துத் தகவல் அனுப்பிட்டார், பிடிபட்டும் போனார். கொழும்புல ரேடாரும் வந்து இறங்கியிருந்தது, வந்து சில நாள்தான். ஆனா அன்னைக்குக் காலையில அதுகிட்ட இருந்து எச்சரிக்கை வரல. ரத்மலானையில ஃபைட்டர்கள் தரையில இருக்கும்போதே தலைக்கு மேல எதிரி. ஏன் வரலைங்கறதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. நாலு நாள் கழிச்சு திருகோணமலையில ரேடார் முன்கூட்டியே பார்த்துடுச்சு, ஃபைட்டர்கள் மேல ஏறிட்டாங்க. ஒரே தீவு, ஒரே வாரம், ஒரே மாதிரிக் கருவி. ஒண்ணை நம்ப முடிஞ்சது, ஒண்ணை முடியல.

அந்த வாரத்தோட பயம் அப்படியே மெட்ராசுக்கு வந்தது. ஏப்ரல் 6ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு. கவர்னர் ஆர்தர் ஹோப் அரசாங்கம் ஊரைக் காலி பண்ணச் சொல்லிடுச்சு. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போச்சு. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஆபத்துன்னு பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில சிங்கம் புலியையெல்லாம் சுட்டே போட்டாங்க. எங்க ஆயாவோட அம்மா கைக்குழந்தையோட பொன்னேரி பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு நடந்தே போனாங்களாம். அந்தக் கைக்குழந்தைதான் எங்க ஆயா. அந்த ஏப்ரல்ல மெட்ராசுக்கு ஒரு படையும் வரல. மறு வருஷம் 1943 அக்டோபர்ல, நல்ல மழையில, ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து ஹார்பர் பக்கம் குண்டு போட்டுட்டுப் போச்சு. ஊர் காலியானப்ப ஆள் வரல, ஆள் வந்தப்ப ஊர் திரும்பி வந்து குடியிருந்தது. கண்ணை நம்ப முடியலைன்னா இப்படித்தான், பயம்தான் முடிவெடுக்கும்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க ஊர்ல அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம். எங்க நைனா எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில கேஜ் ரூம்ல வேலை பார்த்தவர். ஷாப் ஃப்ளோர்ல இருக்கிற வெர்னியர், மைக்ரோமீட்டர், ப்ரஷர் கேஜ் எல்லாம் முறை வெச்சு அவர்கிட்ட வரும். ஏசி போட்ட சின்ன ரூம்ல, துணியில சுத்தி வெச்ச இரும்புக் கட்டைங்களோட ஒப்பிட்டுப் பார்த்து, சரியா இருந்தா தேதி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். தெருவுல எல்லாரோட அப்பாவும் வண்டி செய்யறாங்க, கரண்ட் செய்யறாங்க. "உங்க நைனா என்னடா செய்யறார்"னு பசங்க கேட்டா "ஸ்டிக்கர் ஒட்டறார்"னு சொல்லிட்டு நானே சிரிச்சிருக்கேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். எங்க கம்பெனிக்கு ஒரு சரக்கு யார்டோட எடைமேடை சாஃப்ட்வேர் வேலை வந்தது. லாரி மேடையில ஏறும், எடை கம்ப்யூட்டருக்கு வரும், காலி லாரி எடையைக் கழிச்சு சரக்கு எடை பிரிண்ட் ஆகும். நான் சோதனைக்காக 40 கிலோ கூடுதலா கழியற மாதிரி ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். எடுக்க மறந்துட்டேன். அப்படியே லைவ் போயிடுச்சு. மூணு வாரம். ஒவ்வொரு லோடும் 40 கிலோ குறைவு. குறைஞ்சதை டிரைவர் பேட்டாவுல பிடிச்சிருக்காங்க. கடைசியில ஒரு வயசான டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு "முப்பது வருஷமா ஓட்றேன், நான் திருடல சார்"னு சொன்னதை நான் நேர்ல பார்த்தேன். அன்னைக்குத்தான் கோடைத் திறந்து பார்த்தோம். ஒரு வரி. அழிச்சேன். பிடிச்ச காசைத் திருப்பிக் குடுத்தாங்களான்னு கேக்க எனக்குத் தைரியம் வரல. அது இன்னும் உறுத்துது.

வீட்டுக்கு வந்து நைனாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். சாப்டுக்கிட்டே கேட்டார்: "தெரிஞ்ச லாரி ஒண்ண ஏத்திப் பாத்தியாடா?"

அவ்வளவுதான். எடை தெரிஞ்ச ஒரு லாரியை ஏத்தியிருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும். பல வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி இந்த ஆட்டோஜைரோ பத்திப் படிக்கும்போதுதான் தலையில அடிச்ச மாதிரி இருந்தது. அந்த ஸ்குவாட்ரன் வேற ஒண்ணுமே இல்ல. வானத்துல நிறுத்தி வெச்ச "தெரிஞ்ச லாரி".

"இப்பல்லாம் கருவியே தன்னைத்தானே காலிப்ரேட் பண்ணிக்கும் பாஸ்"னு பின்னூட்டத்துல சொல்லப் போறவங்களுக்கு இப்பவே பதில். என் கோடும் தன்னைத்தானே சோதிச்சுப் பச்சை விளக்கு காட்டிக்கிட்டுதான் இருந்தது. தனக்குத்தானே கேள்வி கேட்டு தானே மார்க் போட்டுக்கறது பரீட்சை ஆகாது. வெளியில இருந்து ஒரு உண்மை வரணும். வானிலை ரேடாருக்கு வானத்துல எடம் தெரிஞ்ச சூரியனையே குறி வெச்சு திசை சரிபார்க்கறாங்க, அளவு தெரிஞ்ச உலோக உருண்டையை மேல அனுப்பிப் பார்க்கறாங்க. நம்ம விமான நிலைய ஆணையத்துக்கு இதுக்குன்னே தனி விமானங்கள் இருக்கு. விமானம் இறங்க வழி காட்டுற ரேடியோ கருவிங்களை ஊர் ஊராப் பறந்து சரிபார்க்கறதுதான் அதோட வேலை. ரோட்டாவோட பேரப்பிள்ளைங்கன்னு வெச்சுக்கலாம்.

இப்ப நான் சொன்ன சண்டை.

காத்திவாக்கம் முனிசிபல் கல்யாண மண்டபம் எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். முனிசிபாலிட்டி 2011ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு, ஆனா பேரு அதேதான். தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புப் பட்டியல்ல அந்த மண்டபத்துக்கு ஒரு இடம் உண்டு. ஒரு மோட்டார் காத்தை உறிஞ்சும், தூசி வடிதாள்ல படியும். முன்னாலயும் பின்னாலயும் தாளை எடை போட்டு, உறிஞ்சின காத்தோட அளவால வகுத்தா எண் கிடைக்கும். வாரம் ரெண்டு நாள், வருஷத்துக்கு 104 அளவுங்கறது திட்டத்தோட விதி. நுண்தூசிக்கு வருஷ சராசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இதுல எவ்வளவு காத்து உறிஞ்சினோம்ங்கற கணக்கு பத்து சதவீதம் பிசகினா, எண்ணும் அதே அளவு பிசகும். 66ஐ 60ன்னு காட்டும். வரம்புக்கு உள்ள.

யாரும் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல வரல. உள்குத்து ஒண்ணும் இல்ல. முறையா செய்யறவங்க இருப்பாங்க, எங்க நைனா மாதிரி. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. மார்க்கெட்டுல மீன் விக்கற அக்காவோட தராசுல முத்திரை இருக்கு, எந்த வருஷம் போட்டதுன்னு நான் குனிஞ்சு பார்க்கலாம். பெட்ரோல் பங்க்ல அளவு ஜாடியைக் கொண்டு வரச் சொல்லிக் கேக்கலாம். அரை கிலோ சங்கராவுக்கு இருக்கிற அந்த உரிமை, நான் உள்ள இழுக்கற மூச்சுக்கு ஏன் இல்ல? காத்து, தண்ணி, மழை, எதை அளந்து எண்ணா வெளியிட்டாலும் சரி, பக்கத்துல இன்னும் ரெண்டு விஷயம் போடுங்க. கடைசியா சரிபார்த்த தேதி. எவ்வளவு பிசகு இருந்ததுங்கறது. புதுசா மெஷின் வாங்கச் சொல்லல. ஸ்டிக்கரை எங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒட்டச் சொல்றேன்.

புதுக் கருவி திறந்தா ரிப்பன் வெட்ட ஆள் இருக்கு, போட்டோ இருக்கு. வருஷா வருஷம் அதைச் சரிபார்க்கறவனுக்குச் சம்பளத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. செலவைக் குறைக்கணும்னா முதல்ல அவன் தலையிலதான் கை வைப்பாங்க. ஏன்னா அவன் வேலையை நிறுத்தினா அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. எண் வந்துக்கிட்டேதான் இருக்கும். அதுதான் பயமே. கெட்டுப்போன கருவி ஆபத்தில்ல, அது நின்னுடும். ஓடிக்கிட்டே பிசகற கருவிதான் ஆளை அடிக்கும்.

நைனா ரிடையர் ஆகி வீட்டுலதான் இருக்கார். ஆட்டோஜைரோ படத்தை மொபைல்ல காட்டி முழுக் கதையும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வட்டம் சுத்தினவனுக்கு அந்த எடம் சரின்னு எப்படிடா தெரியும்? மேப்பை யார் சரிபாத்தாங்க?"ன்னு கேட்டார்.

பதில் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அவர்கிட்ட ஜகா வாங்கி ரெண்டு நாளாச்சு :-)

டிஸ்கி: எங்க வீட்டு பி.பி. மெஷின்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கு. தேதி போட்டு, நைனா கையெழுத்தோட. போன மாசம் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய், அவர் கருவியோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு வந்து ஒட்டினாராம்.